அக்கா தாண்டிப்போன பாடம்

யாரோ தொண்டையில் உப்புத்தண்ணீரை வைத்து உருட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு மாடியில் கேட்டாலும் சரி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விடுதிக் குழாயடியில் கேட்டாலும் சரி, அந்தக் களகளப்பு என்னை நிறுத்திவிடும். மற்றவர்களுக்கு அது சளி. எனக்கு அது பிரெஞ்சு. இன்று காலை அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் மனைவி கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்ன, ஒங்கக்கா நெனப்பா?”

அக்கா நினைப்புதான்.

அந்த மொழியில் ‘ர’ நாக்கு நுனியில் பிறப்பதில்லை. தொண்டைக்குள், சோறு இறங்கும் பாதையில், இருட்டில் பிறக்கிறது. நாங்கள் வைத்திருந்தது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதிய பிரெஞ்சு இலக்கணப் புத்தகம். மெல்லக் கொப்பளிப்பதுபோல் ஒலிக்கவும் என்று அது சொல்லியிருந்தது. அக்கா நர்ஸ். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளுடைய ஆஸ்பத்திரிக்கு உள்ளே போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கலக்கி எடுத்துவந்துவிட்டாள். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து கொப்பளித்தோம். மருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்த சனம் எல்லோருக்கும் தொண்டைப் புண் என்று நினைத்துக்கொண்டு தானும் தண்ணீர் கேட்டது.

அக்கா கன்னியாஸ்திரி. பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, கோயில் மணிக்குச் சாப்பிட்டுக் கோயில் மணிக்குத் தூங்கும் ஒரு கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. அங்கிருந்து பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனவள். நான் எந்த ஊரிலும் காலூன்றாதவன். டுட்டோரியலில் ஆங்கிலம் நடத்தினேன், விட்டேன். மொழிபெயர்த்தேன், விட்டேன். தேனியிலிருந்து எந்தப் பேருந்து எங்கே போனாலும் ஏறிவிட வேண்டும்போல் இருக்கும், ஏறி உட்கார்ந்ததும் இறங்க வேண்டும்போல் இருக்கும். அக்காவோ போ என்றால் போவாள், இரு என்றால் இருப்பாள். அப்படி அவளை இருக்கச் சொல்லியிருந்த இடம் கெங்குவார்பட்டிப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு நீள பெஞ்சு, ஒரு வேப்பமரம்.

ஒருநாள் போன் செய்து, எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடு என்றாள். இருபது வயதில் நான் அந்த மொழியைப் பாதிவரை படித்து, எல்லாவற்றையும்போல அதையும் விட்டது அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியாதே என்றேன். பாதி தெரியுமில்லையா, அதுபோதும், மீதியைச் சேர்ந்து படிப்போம் என்றாள்.

காரணத்தை நேரில்தான் சொன்னாள். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் ஊர் மருந்தகத்தில் ஒரு பிரெஞ்சு சிஸ்டர் இருந்தார். ஊரே அவரைப் பெரிய சிஸ்டர் என்றது. அவர் பேசியது எங்கள் பள்ளத்தாக்குத் தமிழ். ‘வந்தாக, போனாக’ என்று, தோட்டத்து வேலைக்காரர்களுக்கு ஒருபடி மேலாகவே பேசுவார். எங்களை ‘ஏலே’ என்றுதான் விரட்டுவார். அக்காவுக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவர் அவர். வயதாகித் தன் நாட்டுக்கே திரும்பிப்போனார். இப்போது அங்கே மலையடிவாரத்து மடம் ஒன்றில் படுக்கையோடு இருக்கிறாராம். முதுமை அவரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. முதலில் ஆங்கிலம் போயிற்று. பிறகு தமிழ். மிச்சமிருப்பது அம்மாவின் மடியில் கற்ற பிரெஞ்சு மட்டும். அந்த மடத்தில் எல்லோருமே வயதானவர்கள். கவனித்துக்கொள்ள நர்ஸாக ஒரு சிஸ்டரை வெளிநாட்டிலிருந்து அழைக்கப்போகிறார்கள். அக்காவின் பெயரும் பேச்சில் இருக்கிறது. அந்த மடத்துத் தலைவியான மதர் வீடியோ அழைப்பில் பிரெஞ்சிலேயே பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்.

“நான் மொத மொத செத்தவுகளத் தொட்டப்ப கை நடுங்குச்சுலே. அவுகதான் என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாக,” என்றாள் அக்கா. “அவுக போற நேரத்துல பக்கத்துல ஒரு ஆளு வேணாமா? என்ன சொல்றாகன்னு புரியவாவது வேணாமா?”

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு ஆள் என்றாள். நான் என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

மழை விட்ட கார்த்திகையில் தொடங்கினோம். மதியம் கூட்டம் குறைந்ததும் நான் போய்விடுவேன். இடையில் நின்றிருந்தது ஆங்கிலம், எங்கள் இருவருக்கும் பழகிய வாடகை வீடு மாதிரி. அவளுடையது நோயாளிச் சீட்டில் எழுதும் ஆங்கிலம், என்னுடையது கரும்பலகை ஆங்கிலம். அதன் சன்னல் வழியாகப் பிரெஞ்சை எட்டிப் பார்த்தோம். ஆங்கிலத்துக்காரனை அந்தப் புத்தகம் ரொம்பவே பயமுறுத்தியது. எதிரே இருப்பவரை அழைக்க இரண்டு சொல் உண்டு, பயப்படாதே என்று பல பக்கம். நீயும் நீங்களும் பிறந்ததிலிருந்து எங்கள் நாக்கில் கிடக்கிறது, நாங்கள் எதற்குப் பயப்பட? எழுத்தில் ஒருமாதிரி இருக்கும், பேசும்போது பாதியை விழுங்கிவிடுவார்கள், மனதைத் திடப்படுத்திக்கொள் என்று இன்னொரு அத்தியாயம். அச்சில் ‘வந்தார்கள்’ என்று வாசித்துவிட்டு வாயில் ‘வந்தாக’ என்று பேசுகிற எங்களிடமா. இல்லை என்று சொல்ல அவர்கள் வினைச்சொல்லின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சொல்லை நிறுத்துகிறார்கள். திருவிழாவில் குடித்துவிட்டவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவருவது போல என்றேன். அக்கா சிரித்துவிட்டு அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

பால்தான் படுத்தியது. மேசைக்குப் பெண்பால், சுவருக்கு ஆண்பால். நமக்கெல்லாம் அது அஃறிணை, அது பாட்டுக்குக் கிடக்கும். ஆங்கிலத்திலும் கேள்வியில்லை. அக்கா ஆஸ்பத்திரிச் சாமான்களைக் கொண்டே பழகினாள். ஊசி பெண், மருந்து ஆண், கட்டில் ஆண், போர்வை பெண். மாந்தோப்பில் கூலிக்குப் போகிற ஒரு பெண்மணி வாரத்துக்கு ஒரு வலியோடு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் காய்ச்சல் பெண்பால் என்று அக்கா சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அப்ப தலவலி, சிஸ்டரு?”

புரட்டிப் பார்த்தேன். ஆண்பால்.

“இதச் சொல்லவா சீமையிலருந்து புஸ்தகம் வந்துச்சு? எங்க வீட்டுக்கு வந்தா நேர்லயே காட்டிருப்பேனே.”

பசி என்ற சொல்லில் ஒருநாள் முழுக்க நின்றுவிட்டோம். ஆங்கிலத்தில் மனிதன் பசியாகவே ஆகிவிடுகிறான். பிரெஞ்சில் அவனிடம் பசி இருக்கிறது, சட்டைப்பையில் சாவி இருப்பதுபோல. நமக்கோ பசி வருகிறது. எங்கிருந்தோ கிளம்பி, வழி கேட்டுக்கொண்டு, எனக்கு என்று வந்து சேர்கிறது. வேண்டும் என்பதும் அப்படித்தான். எனக்கு வேண்டும் என்கிறோம். அதில் நான் எங்கேயோ ஓரமாக நிற்கிறேன், பொருள்தான் முன்னால் நிற்கிறது. பிரெஞ்சில் அந்த வசதி கிடையாது. நான் முதலில் வந்து நிற்க வேண்டும், நிமிர்ந்து, பிறகு விரும்ப வேண்டும்.

அந்தப் பாடத்தை அக்கா தாண்டிப்போனாள். அவன் விரும்புகிறான், அவள் விரும்புகிறாள், நீங்கள் விரும்புகிறீர்கள், எல்லாம் மணிமணியாகச் சொல்வாள். ‘நான்’ வரும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். பஞ்சு தீர்ந்துவிட்டதா பார்த்துவருகிறேன் என்பாள். திரும்பி வந்து அடுத்த பக்கத்தைத் திறப்பாள். தேர்வில் வராது என்று சில பாடத்தை விட்டுவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுபோல என்றுதான் நினைத்தேன்.

அவள் அப்படித்தான் வளர்ந்தாள், அப்படித்தான் இருந்தாள். எங்கள் அம்மா போன பிறகு நார்த்தங்காய் ஊறுகாய் என் மனைவி கைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கென்று ஒரு பாட்டில் போட்டுத் தருவாள். நானும் தூக்கிக்கொண்டு போவேன். எதுக்குத் தம்பி, இங்கன எல்லாம் இருக்கு, பிள்ளைகளுக்கு வை என்பாள் அக்கா. பாட்டில் என்னோடு பெரியகுளம் வழியாகத் திரும்பிவரும். வாங்க மாட்டாகன்னு தெரிஞ்சும் சொமந்துக்கிட்டுப் போறீகளே, பஸ்ஸுல அதுக்கும் டிக்கெட் எடுத்தீகளா என்று மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு அடுத்த மாதமும் போட்டுக் கொடுப்பாள்.

தை பிறந்து மாமரங்கள் பூத்தபோது அந்த அழைப்பு வந்தது. மடத்து அலுவலக அறையில் மடிக்கணினியின் முன்னால் அக்கா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்தாள். திரையில் தெரியாதபடி நான் பக்கத்தில். அங்கிருந்த மதருக்கு நல்ல முகம். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். பெயர், ஊர், எத்தனை ஆண்டு நர்ஸ் வேலை, குளிர் தாங்குவீர்களா. அக்கா அசரவில்லை. ‘ர’ தொண்டையில் அழகாக உருண்டது. கடைசியாக அவர் முன்னால் சாய்ந்து, நீங்கள் எங்களிடம் வர விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டே, உங்கள் விருப்பம் எப்படியோ அப்படியே அம்மா என்றாள். பிரெஞ்சில், பிழையில்லாமல்.

நான் மேசைக்குக் கீழே அவள் சேலை நுனியைத் தட்டிக்கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய சம்மதம் உண்டா? பெண் பார்க்க வந்த வீட்டில், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பெண் பிடித்திருக்கிறது என்பாள்? நீங்க பாத்துச் செஞ்சாச் சரி என்பாள். அதைக் கேட்டதும் வீடே எழுந்து தாம்பூலம் மாற்றும். பந்தியில் இன்னும் கொஞ்சம் என்று வாயால் கேட்கிறவர் யார்? போதும் போதும் என்று கையால் மறைத்துக்கொண்டே இலையில் இடம் விடுகிறோம். அன்று மாலை இரண்டு பேரும் மடத்துச் சமையலறையில் காப்பி குடித்துக் கொண்டாடினோம்.

பத்து நாள் கழித்து இங்குள்ள மதர் அக்காவை அழைத்துச் சொன்னார். அங்கே யோசித்துவிட்டார்களாம். சிஸ்டர் மிகவும் நல்லவர், ஆனால் கீழ்ப்படிதலுக்காக மட்டும் வருகிறவர்போல் தெரிகிறது. இது குளிரான வீடு, முதியவர்களின் வீடு, மனமில்லாத ஒருவரை இங்கே கொண்டுவந்து வாட்ட விரும்பவில்லை. வரவேண்டும் என்று ஆசையாகக் கேட்கிற இன்னொரு சிஸ்டர் வேறு நாட்டில் இருக்கிறார், அவரை அழைக்கப்போகிறோம். அக்கா, சரி மதர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நான் போனபோது இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதும் பிரிப்பதும் மறுபடி சுருட்டுவதுமாக இருந்தாள். இன்றைக்குப் பாடம் வேண்டாம் என்றாள். பிறகு, இனிமேலும் வேண்டாம் என்றாள். விஷயத்தை அந்தப் பட்டையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

திரும்பக் கூப்பிட்டுப் பேசு, உன் மனசில் இருப்பதைச் சொல் என்றேன்.

“எப்படிலே கேப்பேன்? ஒரு எடம் வேணும்னு கேட்டதில்ல, ஒரு சேல வேணும்னு கேட்டதில்ல. போன்னாக, போனேன். வான்னாக, வந்தேன். இப்பப் போயி எனக்குன்னு நிக்கச் சொல்றியா?”

“ஒனக்குன்னா கேக்குற? பெரிய சிஸ்டருக்குத்தான.”

அவள் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லடா,” என்றாள். “அவுகளுக்கு யாரு வந்து கையப் பிடிச்சாலும் ஒன்னுதான். நான்தான் பிடிக்கணும்னு இருக்கு.”

அதைச் சொன்னதும் ஏதோ திருட்டுச் சாமானைக் கீழே போட்டவள்போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே கிடையாது.

அந்த நேரத்தில்தான் மாந்தோப்புப் பெண்மணி வந்தார். இந்த முறை இடுப்பு. அக்கா வழக்கம்போல மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தாள். அவர் அதைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். ஊசி வேண்டுமாம். மாத்திரையே போதும், ஊசி தேவையில்லை என்று அக்கா எடுத்துச் சொன்னாள். அவர் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஊசிதான் வேணும். வாயத் தொறந்து சொல்லிட்டேன். போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம், சிஸ்டரு.”

ஒவ்வொரு வாரமும் நடக்கிற வழக்குதான் இது. ஒவ்வொரு வாரமும் அக்காதான் ஜெயிப்பாள், அன்றைக்கும் ஜெயித்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். ஊசி கிடைக்காமல் போனாலும் கேட்டுவிட்ட நிம்மதி அந்த நடையில் இருந்தது. அக்கா வாசல்வரை வந்து அவர் தோப்பு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள். உப்புப் போட்டு வெந்நீர் கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது.

இங்குள்ள மதரிடம் அனுமதி கேட்டு மறுநாளே போனில் வீடியோ அழைப்புப் போட்டோம். அங்கே அவர் சமையலறையில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன. மரியாதையாகக் கேட்க எந்த வடிவத்தைச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் அவளுக்குச் சொல்லியிருந்தேன். புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ‘விரும்பக்கூடும்’ என்பதுபோல ஓரம் மழுக்கிய, பூப்போன்ற ஒரு வடிவம். கடையில் ரொட்டி கேட்கக்கூட அதுதான் முறை. நேரடியாக விரும்புகிறேன் என்பது அடம்பிடிக்கும் குழந்தைகளின் பேச்சாம்.

அக்கா வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு, தாண்டிப்போன அந்தப் பாடத்தின் முதல் வரியை, ஓரம் மழுக்காமல், அப்படியே சொன்னாள். “ஜெ வெ வெனீர்.” நான் வர விரும்புகிறேன். தட்டுச் சத்தம் நின்றது. அவள் நிறுத்தவில்லை. எங்களை வாரக்கணக்கில் வதைத்த இறந்தகாலத்தில், எனக்கே இன்றைக்கும் தடுமாறும் அந்த இறந்தகாலத்தில், பெரிய சிஸ்டரின் பெயரைச் சொல்லி, அவர் என் கையைப் பிடித்தார் என்றாள். எப்போது, எங்கே, எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவளிடம் சொல் போதவில்லை. அவர் என் கையைப் பிடித்தார் என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் காலடி ஓசை. போனை எடுத்துக்கொண்டே அவர் நடந்தார். திரையில் ஒரு நீண்ட தாழ்வாரம், சன்னல்கள், சாம்பல் வெளிச்சம், ஒரு கதவு. தலையணையில் ஒரு முகம். நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். எங்களைக் கொய்யாமரத்திலிருந்து விரட்டிய அந்த உயரமான மனுஷி ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருந்தார். மதர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பெரிய சிஸ்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். பல்லில்லாத வாயிலிருந்து ஒரு வாக்கியம், வேகமாக, பாதி காற்றாக வந்தது. எங்கள் புத்தகத்தில் அப்படி ஒரு பிரெஞ்சு கிடையாது. எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அக்காவுக்குப் பிடிபட்டது. எத்தனையோ பல்லில்லாத வாய்களைக் கேட்டுப் பழகிய காது அது.

“நான் எப்ப வருவேன்னு கேக்குறாக,” என்றாள் என் பக்கம் திரும்பாமலே.

மாம்பழம் இறங்கத் தொடங்கியிருந்தது, காலை வெயில் தோப்புக்குள் இன்னும் நுழையவில்லை. மதுரை விமான நிலையத்துக்குப் போகும் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஒரு பெட்டி, ஒரு கைப்பை, அக்காவின் உலகம் அதற்குள் அடங்கிவிட்டது. இலக்கணப் புத்தகத்தை என்னிடமே கொடுத்தாள், மீதியை நீ முடி என்று. மாந்தோப்புப் பெண்மணி அன்றைக்கு வலி எதுவும் இல்லாமல் வந்திருந்தார். அங்கேயும் தலைவலி ஆம்பளதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் எங்கெங்கோ போக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் துடித்தவன், வேப்பமரத்தடியில் நின்றேன். எங்கேயும் போகக் கேட்காதவள் காரில் ஏறினாள். என் தோளில் மஞ்சப்பை தொங்கியது. அதற்குள் மனைவி துணி சுற்றிக் கட்டிக்கொடுத்த பாட்டில். இந்தத் தடவை அதை நீட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். விமானத்தில் எடை பார்ப்பார்கள், எப்படியும் வேண்டாம் என்பாள், கிளம்பும் நேரத்தில் அந்த ஒரு சொல்லை என்னால் கேட்க முடியாது.

கார் கிளம்பி வாசலைத் தாண்டியது, நின்றது. சன்னல் கண்ணாடி இறங்கியது. நான் ஓடினேன். எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல என்னலே?”

“நார்த்தங்கா.”

அக்கா கையை வெளியே நீட்டினாள்.

“குடு. எனக்கு வேணும்.”